சொந்தக் காசில் மூன்று படம்: மலையகத்திலிருந்து எம்.ஜி.ஆரைப் பார்த்தால்

இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாடான மலையகத்தில், நாவலப்பிட்டிப் பக்கம் எம்.ஜி.ஆர். பேச்சு எழுந்தால் முதலில் பிறப்புக் கதைதான் வரும். 1917 ஜனவரி 17ஆம் திகதி பிறந்தவர். பிறந்த இடம் கண்டி என்று சில புத்தகங்கள், நாவலப்பிட்டி என்று சில. நாவலப்பிட்டியே கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதால் இதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. தகப்பனார் கோபால மேனன் ஆசிரியராக இருந்தார் என்றும், நீதிமன்ற உத்தியோகம் பார்த்தார் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அவர் இறந்த பிறகு தாயார் சத்தியபாமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கும்பகோணம் போனார். அப்போது எம்.ஜி.ஆருக்கு விவரம் தெரியாத வயது.

ஆக, 'எங்கள் ஊர்ப் பிள்ளை' என்று நாம் கொண்டாடும் ஆள், படித்த மலையாளக் குடும்பத்தில் பிறந்து இங்கே சில வருடங்கள் மட்டும் இருந்தவர். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பிரா, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களம், கொழுந்துக்கூடை எதுவும் அவர் வாழ்க்கையில் இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். தோட்டத்து வீடுகளில் மூன்று தலைமுறையாக அவர் படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியதற்குப் பிறப்புச் சான்றிதழ் காரணமாக இருந்திருக்க முடியாது. காரணத்தை அவருடைய தொழிலுக்குள்தான் தேட வேண்டும். அதிலும் நடிகர் எம்.ஜி.ஆரை எல்லாரும் பேசியாகிவிட்டது. சொந்தக் காசைப் போட்டுப் படம் எடுத்தவரையும், கேமராவுக்குப் பின்னால் நின்றவரையும் பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரி விளங்குகிறது.

130க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர், தன் எம்ஜியார் பிக்சர்ஸ் பெயரில் தயாரித்தவை மூன்றுதான்: 'நாடோடி மன்னன்' (1958), 'அடிமைப் பெண்' (1969), 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973). இயக்கியவையும் மூன்று. முதலாவதும் மூன்றாவதும் இதே பட்டியலில் உள்ளவை. மற்றது 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' (1978), அது வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. நாற்பது வருடத் தொழிலில் இது மிகக் குறைவு. ஆனால் அவர் வாழ்க்கை திரும்பிய இடத்திலெல்லாம் இவற்றில் ஒன்று நிற்கிறது.

அதற்கு முன் அவருடைய முதல் படத்தைப் பற்றி ஒரு சேதி. மலையகத்தில் இது பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை என்பது என் குறை. 'சதி லீலாவதி' 1936ல் வந்தது. எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், அவருக்கும் அதுதான் முதல் படம். கதாநாயகன் எம்.கே. ராதா. குடியில் நிலை தடுமாறி, நண்பனைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்து ஊரைவிட்டு ஓடும் மனிதனாக வருகிறார். ஓடி எங்கே போகிறார்? இலங்கைக்கு. தேயிலைத் தோட்டத்தில் கூலியாகச் சேர்கிறார். எம்.ஜி.ஆருக்கு அதில் சின்ன வேடம், போலீஸ் இன்ஸ்பெக்டர். என்.எஸ். கிருஷ்ணனும் டி.எஸ். பாலையாவும் அறிமுகமானதும் அதே படத்தில்தான்.

மலைநாட்டில் பிறந்தவரின் முதல் படம் மலைநாட்டுத் தோட்டத்தைத் தொடுகிறது என்பது தற்செயல்தான். ஆனாலும் அந்தக் கதை எங்களை வைத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் தப்பு செய்தவனோ நொடிந்தவனோ ஒளிந்துகொள்ளப் போகும் தூரதேசம் அது. அங்கே அவன் உடம்பை வருத்துகிறான், புதையல் கிடைக்கிறது, நல்லவன் என்று பெயர் எடுத்துப் பணக்காரனாகித் திரும்புகிறான். அங்கேயே பிறந்து, அங்கேயே வேலைக்குப் பேர் போட்டு, அங்கேயே மண்ணாகிப் போனவர்களைப் பற்றி அந்தக் கதைக்கு அக்கறை இல்லை. தமிழ் சினிமா எங்களைப் பற்றி வைத்திருந்த எண்ணம் அதற்குப் பிறகும் பெரிதாக மாறிவிடவில்லை.

முதல் படத்துக்கும் முதல் கதாநாயக வேடத்துக்கும் நடுவில் பதினொரு வருடம். ஜூபிடர் பிக்சர்ஸின் 'ராஜகுமாரி' 1947ல் வரும்போது அவருக்கு முப்பது வயது. சிறு வயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து பாட்டு, வசனம், சண்டை எல்லாம் மேடையில் கற்றவர். அவர் படங்களில் வாள்வீச்சும் மாறுவேடமும் சபதமும் அடிக்கடி வருவதற்கு இந்த நாடகக் கம்பெனிப் பழக்கம் ஒரு காரணம். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் விடிய விடியப் பார்த்து வளர்ந்த தோட்டத்துச் சனத்துக்கு அந்த முறை அந்நியமாக இருந்திருக்காது. நல்லவன் யார், கெட்டவன் யார் என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிட வேண்டும். கடைசியில் நியாயம் ஜெயிக்க வேண்டும். கூத்திலும் அதுதான், எம்.ஜி.ஆர். படத்திலும் அதுதான். 'மந்திரிகுமாரி', 'மர்மயோகி', 'மலைக்கள்ளன்', 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'மதுரை வீரன்' என்று 1950க்கும் 1956க்கும் இடையில் அவர் உச்சிக்குப் போய்விட்டார்.

உச்சியில் இருந்தவர் எதற்காகக் கடன்காரனாகும் வேலையில் இறங்கினார் என்பதுதான் கேள்வி.

அந்தக் காலத்துத் தயாரிப்பாளர் என்பவர் பெரும்பாலும் பிறத்தியார் காசில் நடப்பவர். படத்தை ஏரியா ஏரியாவாகப் பிரித்து விநியோகஸ்தர்களிடம் விற்பார், அவர்கள் கொடுக்கும் முன்பணத்தில் படம் வளரும். தமிழ்நாட்டு ஏரியாக்கள் போக, இலங்கை உரிமை தனியாக விலை போகும். படம் முடியாமல் இழுத்தால் வட்டி ஏறும். நடிகருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை, சம்பளத்தை வாங்கிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம். எம்.ஜி.ஆர். அண்ணன் சக்கரபாணியோடும் ஆர்.எம். வீரப்பனோடும் சேர்ந்து எம்ஜியார் பிக்சர்ஸைத் தொடங்கினார். 'நாடோடி மன்னன்' படத்துக்குச் சுமார் 18 லட்சம் ரூபாய் ஆனது என்பார்கள். 1958ல் அது மலைக்க வைக்கும் தொகை. ஜெயித்தால் மன்னன், தோற்றால் நாடோடி என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் சுற்றுகிறது.

இயக்குநர் ஆனதும் முதலில் போட்ட திட்டப்படி அல்ல. கே. ராம்நாத் இயக்குவதாக இருந்தது. அவர் 1956ல் இறந்துபோக, எம்.ஜி.ஆர். தானே பொறுப்பை எடுத்துக்கொண்டார். கதாநாயகி பி. பானுமதிக்கும் அவருக்கும் படப்பிடிப்பில் ஒத்துவரவில்லை. காட்சிகளை மறுபடி மறுபடி எடுக்கிறார் என்று பானுமதிக்கு எரிச்சல். முடிவில் பானுமதியின் பாத்திரம் நடுவிலேயே சாக வேண்டியதாயிற்று. பி. சரோஜாதேவி வருகிற பகுதியிலிருந்து படம் கறுப்பு வெள்ளையிலிருந்து கேவா கலருக்கு மாறுகிறது. மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படத்தில் இந்த ஒட்டு வேலை கண்ணுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன், தெரியும். ஆனால் இடைஞ்சலையே கதையாக்கிவிடும் சாமர்த்தியம் புது இயக்குநருக்கு எளிதில் வராது.

படத்தின் நடுக்கட்டம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீராங்கன் என்ற குடிமகன், அவனைப் போலவே முகம் கொண்ட மன்னன் மார்த்தாண்டன். முடிசூட்டு நேரத்தில் மன்னன் சதியில் சிக்க, வீராங்கன் அரியணையில் உட்கார வேண்டி வருகிறது. ஆள் மாறாட்டக் கதை உலகம் பூராவும் உண்டு. இங்கே மாறி உட்கார்ந்தவன் என்ன செய்கிறான் என்பதில்தான் எம்.ஜி.ஆர். நிற்கிறார். அவன் சட்டம் போடுகிறான். உழுகிறவனுக்கு, வேலை இல்லாதவனுக்கு, படிக்க வழி இல்லாத பிள்ளைக்கு என்று ஒரு அரசாங்கத் திட்டமே திரையில் வாசிக்கப்படுகிறது. கம்பெனிச் சின்னத்தில் ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியைத் தாங்கி நின்றார்கள். வசனம் கண்ணதாசனும் ரவீந்தரும். சொந்தப் படம் என்பதால் 'இதை வெட்டு' என்று சொல்ல மேலே முதலாளி இல்லை. அவருக்கு வேண்டியது அதுதான்.

இப்போது அதே 1958ல் மலையகம் எப்படி இருந்தது என்று பாருங்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடமே தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. வாக்குரிமையும் பின்னால் போனது. 1952 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கில் ஒருவர்கூட வெல்ல வழியில்லாமல் போயிற்று. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைச் சுமந்துகொண்டு, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் லட்சக்கணக்கான பேர். அவர்களுக்குச் சட்டம் என்பது மேலே யாரோ போடுவது, கீழே தங்கள் தலையில் விழுவது. திரையில் தங்களைப் போல உடுத்திய ஒருவன் சிம்மாசனத்தில் ஏறி, தங்களுக்குச் சாதகமாகச் சட்டம் வாசிக்கிறான். அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் ஏன் விசிலடித்தார்கள் என்று ஆராய்ச்சி தேவையில்லை.

இந்த வெற்றிக்குப் பிறகு அவர் அடிக்கடி தயாரிக்கவில்லை, தயாரிக்கத் தேவையும் இருக்கவில்லை. 'நாடோடி மன்னன்' போட்டுக் கொடுத்த அச்சில் மற்றவர்கள் காசு போட்டார்கள். ஆர்.எம். வீரப்பன் சத்தியா மூவிஸ் தொடங்கினார். பெயர் எம்.ஜி.ஆரின் தாயாருடையது, முதல் படம் 1964ல் வந்த 'தெய்வத்தாய்'. அடையாறில் நெப்டியூன் ஸ்டூடியோ கைமாறி சத்தியா ஸ்டூடியோ ஆனது. பெயருக்கு இயக்குநர் வேறு ஒருவர் இருந்தாலும் கதை, பாட்டு வரி, சண்டை, எடிட்டிங் வரைக்கும் அவர் கைபடாத படம் குறைவு. திரையில் குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், தாய் சொல்லைத் தட்ட மாட்டார். ஒரு நடிகரால் மட்டும் இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்ற முடியாது, தயாரிப்புச் சூத்திரம் கையில் இருந்தவரால் முடிந்தது.

அந்த வரிசையில் அவர் 'படகோட்டி' ஆனார், 'தொழிலாளி' ஆனார், 'விவசாயி' ஆனார், 'மாட்டுக்கார வேலன்' ஆனார், 'ரிக்‌ஷாக்காரன்' ஆகி தேசிய விருதும் வாங்கினார். பேர் சொல்லும்படி ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி வேடம் மட்டும் அமையவில்லை. இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். துரோகம் என்று சொல்ல மாட்டேன், வியாபாரக் கணக்கு என்றுதான் படுகிறது. இலங்கை அவர்களுக்குப் பக்க வருமானம். கதை தமிழ்நாட்டு வாக்காளனுக்காக எழுதப்பட்டது. இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் சம்பளம் ஐந்து சதம் கூடுவதென்றாலும் சங்கம் வேண்டும், வேலைநிறுத்தம் வேண்டும், ஆயிரம் பேர் பெரட்டுக்குப் போகாமல் நிற்க வேண்டும். எம்.ஜி.ஆர். படத்தில் பிரச்சினையைத் தீர்ப்பவன் ஒற்றை ஆள், மற்றவர்கள் பின்னால் நின்று கைதட்டுவார்கள். ஆயிரம் பேர் சேர்ந்து நிற்கிற கதை அந்தச் சூத்திரத்துக்குள் அடங்காது.

1967 ஜனவரி 12ஆம் திகதி நடிகர் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்து அவர் குரலை மாற்றிவிட்டது. குரல் போன நடிகர் வீட்டில் இருப்பார் என்று நினைத்தவர்களுக்குப் பதிலாக வந்த சொந்தப் படம் 'அடிமைப் பெண்'. இயக்கியது கே. சங்கர். முன்பே தொடங்கி நின்றுபோன முயற்சியைப் புதிதாக, ஜெயலலிதாவைக் கதாநாயகியாக வைத்து, ஜெய்ப்பூர் வரை போய் எடுத்தார்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியம் காய்ச்சலில் படுத்தபோது, வேறு பாடகரைப் போடாமல் அவர் குணமாகி வரும்வரை காத்திருந்தார் எம்.ஜி.ஆர். என்ற கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது தொடக்கப் பகுதி. சிறு வயது முதல் சிறைக்குழியில் அடைக்கப்பட்டு வளர்ந்த வேங்கையனுக்குப் பேச்சு வராது, நிமிர்ந்து நிற்கவும் வராது. ஒரு பெண் அவனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்து, கூன் விட்டு நிமிர வைக்கிறாள். அழகை விற்றுப் பிழைத்த நாயகன், குரலும் உடைந்திருந்த நேரத்தில், கூனனாக நடக்கத் துணிந்தார். சம்பளத்துக்கு நடிக்கும் படத்தில் இந்த வேடத்தை எந்தத் தயாரிப்பாளரும் அவருக்குக் கொடுத்திருக்க மாட்டார், ரசிகன் கொட்டகையைக் கொளுத்திவிடுவான் என்று பயந்திருப்பார்.

'உலகம் சுற்றும் வாலிபன்' விஷயம் வேறு. 1970ல் ஒசாக்காவில் எக்ஸ்போ கண்காட்சி நடந்தது. அது முடிவதற்குள் படம் பிடித்தாக வேண்டும். சின்னக் குழுவோடு ஜப்பான், ஹாங்காங், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா என்று சுற்றினார்கள். விஞ்ஞானி முருகன், தம்பி ராஜு என்று இரட்டை வேடம். மின்னலின் சக்தியைப் பிடித்து வைக்கும் ஆராய்ச்சி. அதைத் திருடத் துரத்தும் அசோகன். சரி, கதையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பேச வேண்டியது அது வெளிவந்த விதம். 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து விலக்கப்பட்டு அண்ணா தி.மு.க.வைத் தொடங்கிவிட்டார். ஆட்சி எதிர்ப்பக்கம். படம் வரவே வராது என்று சவால் விட்டார்கள், வந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று மதுரை மேயர் பேசியது பிரசித்தம். சென்னையில் போஸ்டர் வரி உயர்ந்ததும் அவர் போஸ்டரே ஒட்டவில்லை, கைக்கடக்கமான ஸ்டிக்கரோடு சரி. 1973 மே 11ஆம் திகதி படம் வந்தது. ஒன்பது நாள் கழித்து திண்டுக்கல் இடைத்தேர்தலில் வாக்குப்பதிவு. அவர் கட்சியின் மாயத்தேவர் ஜெயித்தார். சுவரில் ஒரு தாள் ஒட்டாமல் ஓடிய படம், பிரசாரத்துக்கு வேறு மேடை தேவையில்லாமல் செய்துவிட்டது. அடுத்தது 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்று படத்தின் முடிவிலேயே அறிவித்தார். அது எடுக்கப்படவே இல்லை, அரசியல் இழுத்துக்கொண்டது.

நம் பக்கம் அந்த நேரத்தில் நிலைமை மோசம். 1972ல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்ததும் இந்தியப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போனது. புதுப் படம் குறைந்து பழைய பிரதிகளே ஊர் ஊராகச் சுற்றின. மலையக ரசிகன் எம்.ஜி.ஆரைத் தெரிந்துகொண்டது பாதி தியேட்டரில், பாதி இலங்கை வானொலியில். சம்பள நாளுக்கு அடுத்து வரும் ஞாயிறு என்றால் அட்டன், தலவாக்கலை, பதுளை டவுன்களில் கூட்டம். மற்ற நாளில் லயத்துக்கு ஒரு ரேடியோ. அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மூச்சு விடாமல் பேசும் திரைப்பட விளம்பரமும் பாட்டும் காதில் விழுந்தால், பார்க்காத படத்தையும் பார்த்த மாதிரிப் பிள்ளைகள் கதை சொல்லும். நாடற்ற தோட்டத் தமிழரை இரண்டு நாடும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபரில் கையெழுத்தானது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அதே காலத்தில் தோட்டங்களில் பஞ்சம். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் பலர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இங்கே இந்தியாக்காரர் என்று துரத்தப்பட்டவர்கள், அங்கே சிலோன்காரர் ஆனார்கள். எம்.ஜி.ஆர். மேல் அவர்களுக்கு இருந்த பிடிப்பை இந்தப் பயணத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவரும் இங்கிருந்து அங்கே போனவர்தானே என்ற நினைப்பு. குடும்பமும் காரணமும் வேறாக இருந்தாலும் நினைப்பு நினைப்புதான்.

1977ஐ நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஜூன் 30ஆம் திகதி எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டு முதலமைச்சர். மூன்று வாரம் கழித்து, ஜூலை 21 தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியிலிருந்து தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் பாராளுமன்றம் போனார். 1947க்குப் பிறகு தொழிலாளர்கள் தங்கள் வாக்கால் அனுப்பிய முதல் ஆள். அந்தச் சந்தோஷம் ஆகஸ்ட் வரைக்கும்தான். தமிழருக்கு எதிரான கலவரத்தில் தோட்டங்களை விட்டு வவுனியாப் பக்கம் ஓடியவர்கள் பலர். ஈழப் பிரச்சினையில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். என்ன செய்தார், அதில் மலையகத்துக்கு என்ன கிடைத்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

முதலமைச்சரான பிறகு வந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' 1978 பொங்கலுக்கு வெளியானது. அகிலனின் 'கயல்விழி' நாவலை வைத்து எடுத்த படம். பி.ஆர். பந்துலு இயக்க வேண்டியது, அவர் 1974ல் காலமானதால் மறுபடியும் எம்.ஜி.ஆரே இயக்குநர் ஆனார். ஆக, இயக்கிய மூன்றில் இரண்டு, வேறொருவர் இறந்ததால் அவர் தோளில் விழுந்தவை. இயக்குநர் நாற்காலிக்கு ஆசைப்பட்டவர் என்பதைவிட, வேலையைப் பாதியில் விட மனமில்லாத தயாரிப்பாளர் புத்தி என்றுதான் அதைச் சொல்வேன். படமாக அது சுமார்தான். அறுபது வயதில் வாள் தூக்கியது தெரிகிறது.

அதே 1978ல் இங்கே 'நான் உங்கள் தோழன்' வந்தது. வி.பி. கணேசன் தயாரித்து நடித்தது. தொழிற்சங்கவாதி, அரசியல்வாதி மனோ கணேசனின் தகப்பனார். அதற்கு முன் 1975ல் 'புதிய காற்று', அப்புறம் 1981ல் 'நாடு போற்ற வாழ்க' என்று அவருக்கும் கணக்கு மூன்றுதான். சொந்தக் காசு, சொந்த முகம், ஏழைக்குப் பரிந்து பேசும் நாயகன் என்று எம்.ஜி.ஆர். பாதை அப்படியே தெரிகிறது. ஒரு வித்தியாசம், 'புதிய காற்று' தோட்டத்து வாழ்க்கையையே கதையாக எடுத்துக்கொண்டது. எம்.ஜி.ஆர். போடாத வேடத்தை இங்குள்ள ஒருவர் போட்டுப் பார்த்தார். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு படத்தைப் பல ஏரியாக்களுக்கு விற்கலாம், இங்கே இருந்தது ஒரே ஏரியா. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் தியேட்டர்கள் எரிந்தன. தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் அதில் போனது. அதற்குப் பிறகு தோட்டத்துக்காரனைக் கதாநாயகனாக வைத்துக் காசு போட யாருக்கும் துணிவு வரவில்லை. லயத்துக்கு வீடியோ டெக் வந்தபோது வாடகைக்கு எடுத்துப் போட்டது மறுபடியும் 'நாடோடி மன்னன்'தான்.